விழித்திரை மூளையைக் காட்டுமா?

கண்ணை ஒரு படம் எடுத்தால் போதும், பல ஆண்டுகளுக்குப் பின் வரவிருக்கும் மறதி நோயையும் நடுக்க நோயையும் இன்றே சொல்லிவிடலாம் என்னும் பொருள்படச் செய்திகள் சில ஆண்டுகளாக நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் உலவி வருகின்றன. இச்செய்திகள் முழுப் பொய் அல்ல. இவற்றின் பின்னால் நேர்மையான ஆராய்ச்சிகள் இருக்கின்றன. ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரை சொன்னது ஒன்று, செய்தி சொல்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதை எழுதுபவன் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். அளவீட்டைப் பற்றிப் பேசத்தான் எனக்கு உரிமை உண்டு. இங்கே சிக்கல் முழுவதும் அளவீட்டில்தான் இருக்கிறது.

முதலில், இக்கருத்துக்கு உள்ள அடிப்படையைக் காண்போம். விழித்திரை கண்ணின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெறும் திரை அன்று. கரு வளரும்போது மூளையிலிருந்தே புடைத்து வெளிவந்து உருவாகும் பகுதி அது. ஏறத்தாழ பத்து இலட்சம் நரம்பிழைகள் கொண்ட பார்வை நரம்பு அதை மூளையுடன் இணைக்கிறது. மண்டையோட்டைத் திறக்காமல் நேரே பார்க்கக்கூடிய மூளைத் திசு உடலில் இது ஒன்றுதான். 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண் உள்நோக்கியைச் செய்து காட்டிய நாளிலிருந்து மருத்துவர்கள் இந்தச் சாளரத்தின் வழியே பார்த்து வருகிறார்கள். (ஆற்றல் அழிவின்மை விதிக்காக நாம் வகுப்பில் பெயர் சொல்லும் அதே ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான்.) மூளைக்குள் அழுத்தம் மிகும்போது பார்வை நரம்பின் தலைப்பகுதி வீங்கியிருப்பதைக் கண்ணுக்குள் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இது ஐயத்திற்கு இடமில்லாத பழைய முறை.

ஆகவே மூளையில் நரம்பணுக்கள் மெல்ல அழியும் நோய்களில் விழித்திரையிலும் அழிவு நேரக்கூடும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. எவ்வளவு அழிவு, அதை ஓர் ஆளிடம் கண்டுபிடிக்க முடியுமா என்பவையே கேள்விகள்.

ஆய்வகத்தில் உள்ள கருவிதான்

இவ்வாராய்ச்சிகளில் பெரும்பாலானவை ஓ.சி.டி. எனப்படும் கருவியை நம்பியவை. 1991-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ முதலியோர் இதை உலகுக்கு அறிவித்தனர். பெயர் புதிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது இளநிலை மாணவர்கள் ஆய்வகத்தில் தொட்டுப் பார்க்கும் மைக்கல்சன் குறுக்கீட்டுமானியே. ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஆடிக்கும் மற்றொன்றைக் கண்ணுக்குள்ளும் அனுப்புகிறார்கள். திரும்பி வரும் இரண்டையும் சேர்க்கிறார்கள்.

சோடிய விளக்கில் குறுக்கீட்டுப் பட்டைகள் எளிதில் கிடைப்பதையும், வெள்ளொளியில் இரு கைகளின் நீளமும் ஏறக்குறைய சமமாகும்போது மட்டும் சில பட்டைகள் தோன்றி மறைவதையும் செய்முறையில் கண்டவர்களுக்கு இக்கருவியின் தந்திரம் உடனே புரியும். மாணவர்களை வாட்டும் இந்தக் குறுகிய ஓரியல் நீளத்தையே இங்கே அளவுகோலாக ஆக்கிக்கொண்டார்கள். எந்த ஆழத்திலிருந்து வந்த ஒளி ஆடியிலிருந்து வந்த ஒளியோடு குறுக்கிடுகிறதோ, அந்த ஆழத்தில் ஓர் அடுக்கு இருக்கிறது என்று பொருள். அலைநீளத்தின் இருமடியை ஒளியின் பட்டை அகலத்தால் வகுத்து 0.44-ஆல் பெருக்கினால் பிரித்தறியும் திறன் கிடைக்கும். 840 நானோமீட்டர் அலைநீளமும் 50 நானோமீட்டர் பட்டை அகலமும் கொண்ட ஒளிக்கு இது காற்றில் 6.2 மைக்ரான். கண் திசுவின் ஒளிவிலகல் எண்ணால் வகுத்தால் சுமார் 4.6 மைக்ரான். ஒரு பஞ்சிழையின் அகலம் 12 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவை, உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள், தொடாமலே பிரித்துக் காட்டும் கருவி இது. இதை வியக்காதவன் இயற்பியல் படித்து என்ன பயன்!

இரண்டு மைக்ரான்

இப்போது ஆய்வுக்கு வருவோம். 2023-ல் ‘நியூராலஜி’ என்னும் ஆய்விதழில் இலண்டன் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரையே நடுக்க நோய் பற்றிய செய்திகளுக்கு மூலம். மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் பழைய படங்களை நோயாளிகளின் பிற மருத்துவப் பதிவுகளோடு இணைத்து அவர்கள் ஆராய்ந்தனர். பார்க்கின்சன் நோய் உள்ள 700 பேரையும், அந்நோய் இல்லாத ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரையும் ஒப்பிட்டதில், விழித்திரையின் கேங்ளியான் அணுக்கள் உள்ள அடுக்கு நோயாளிகளிடம் சராசரியாக 2.12 மைக்ரான் மெலிந்திருந்தது. பிரிட்டனின் மற்றொரு தரவுத் தொகுப்பில் 50,405 பேரைப் பார்த்தபோது, பின்னாளில் நோய் கண்ட 53 பேருக்கு, நோய் வெளிப்படுவதற்குச் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலேயே இந்த மெலிவு தொடர்புற்றிருந்தது.

சிறந்த ஆராய்ச்சி. ஆனால் அந்த 2.12 மைக்ரானைச் சற்றே உற்றுப் பார்க்க வேண்டும்.

இது கருவியின் பிரித்தறியும் திறனில் பாதிகூட இல்லையே என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். அந்த எதிர்ப்பு சரியன்று. பல ஆயிரம் புள்ளிகளில் அளந்து சராசரி எடுக்கும்போது, அடுக்கின் தடிப்பைப் பிரித்தறியும் திறனைவிட நுட்பமாகவே சொல்ல முடியும். உண்மையான தடை கருவியில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. நலமாக உள்ளவர்களிடம் இவ்வடுக்கின் சராசரித் தடிப்பு சுமார் 82 மைக்ரான். ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டைக் குறிக்கும் திட்ட விலக்கம் சுமார் 6 மைக்ரான். அதாவது நலமானவர்களுக்குள்ளேயே ஒருவருக்கு 76, இன்னொருவருக்கு 88 என்று இருப்பது இயல்பு. அதில் 2 மைக்ரான் குறைவை எப்படித் தேடுவது?

இராஜபாளையம் நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இரண்டு ஊர்ப் பஞ்சு பேல்கள் வந்திருக்கின்றன. ஒன்றின் சராசரி இழை நீளம் 29 மில்லிமீட்டர், மற்றதன் சராசரி 28. ஆலையின் சோதனைக்கூடம் இவ்விரண்டும் வேறு வேறு பஞ்சு என்று தயக்கமின்றிச் சொல்லிவிடும். ஆனால் இரண்டையும் கலந்து அதிலிருந்து ஒரே ஓர் இழையை உருவி எடுத்து, இது எந்த பேல் என்று கேட்டால் எவரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பேலுக்குள்ளும் நீள இழையும் உண்டு, குட்டை இழையும் உண்டு. ஆராய்ச்சியாளர் பேல்களை ஒப்பிடுகிறார். மருத்துவமனைக்கு வருபவரோ ஒற்றை இழை.

மேலே சொன்ன எண்களை வைத்து ஒரு தோராயக் கணக்கும் போடலாம். நலமானவர்களின் சராசரியான 82 மைக்ரானுக்குக் கீழே உள்ளவர்களை எல்லாம் ஐயத்துக்குரியவர்கள் என்று வைத்தால், நூறு நோயாளிகளில் 64 பேர் அதில் அகப்படுவர். நலமான நூறு பேரில் 50 பேரும் அகப்படுவர். நாணயத்தைச் சுண்டிப் போடுவதைவிட இது கொஞ்சம்தான் மேல். ஒரு தனிமனிதருக்கு இந்நோய் வருமா எனச் சொல்லும் நிலையை இன்னும் எட்டவில்லை என்று ஆய்வுக் குழுவினரே தெளிவாகச் சொல்லியிருந்தனர். செய்தியில் காணாமற்போனது அந்த ஒரு வாக்கியமே.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்னும் நரம்பு நோயில் பார்வை நரம்பு அழற்சியுற்றால், விழித்திரையின் நரம்பிழை அடுக்கு சராசரியாக 20 மைக்ரான் மெலிகிறது. அங்கே பாதிக்கப்பட்ட கண்ணை அதே மனிதரின் மறு கண்ணோடு ஒப்பிடலாம். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கணக்கிலிருந்தே கழிந்துவிடுகிறது. அந்நோயை உறுதிசெய்வதற்கு 2024-ல் திருத்தி அமைக்கப்பட்ட விதிகளில் ஓ.சி.டி. இடம்பெற்றிருப்பதற்கு இதுவே காரணம். அதே கருவி, அதே விழித்திரை. இருபது மைக்ரான் குறியீடு பேசுகிறது. இரண்டு மைக்ரான் குறியீடு இரைச்சலில் மூழ்குகிறது.

வயதைக் கண்டுபிடிக்கும் இயந்திரம்

‘தடிப்பை அளப்பது பழைய முறை, இப்போது செயற்கை நுண்ணறிவு படம் முழுவதையும் பார்க்கிறதே’ என்பர். உண்மைதான். 2018-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் விழித்திரைப் படத்தை மட்டும் கொண்டு ஒருவரின் வயதைச் சராசரியாக மூன்றேகால் ஆண்டு பிழைக்குள் கணினியைச் சொல்ல வைத்தனர். ஆணா பெண்ணா என்பதையும் அது சொன்னது. தேர்ந்த கண் மருத்துவருக்கும் இது இயலாது.

இந்த வெற்றியே இங்கு எச்சரிக்கையாகவும் அமைகிறது. மறதி நோய்க்கு மிகப் பெரிய காரணி வயது. விழித்திரையில் வயதைப் படிக்கத் தெரிந்த இயந்திரத்திடம் 80 வயது நோயாளிகளின் படங்களையும் 65 வயது நலமானவர்களின் படங்களையும் கொடுத்தால், அது நோயைப் பற்றி எதுவும் அறியாமலேயே அவர்களைப் பிரித்துவிடும். நாம் அதை நோய் கண்டறிதல் என்று கைதட்டுவோம். ஒருவருடைய வயதை அறிய இலட்சக்கணக்கான ரூபாய்க் கருவி எதற்கு, ரேஷன் கார்டு போதாதா? ஆகையால் இத்தகைய ஆய்வு எதைப் படித்தாலும், ஒப்பிடப்பட்ட இரு கூட்டத்தாரும் ஒரே வயதினரா என்று பார்ப்பதே முதல் வேலை. நல்ல ஆய்வுகள் இதைக் கவனித்தே செய்கின்றன. ஆனால் அப்படிக் கவனித்த பின் முடிவுகள் பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கின்றன.

நம் பகுதிக்கே உரிய மற்றொரு தொல்லையும் உண்டு. கண்புரை உள்ள கண்ணில் ஒளி மங்கி, கருவிக்குத் திரும்பும் குறிகை வலுவிழக்கும்போது, நரம்பிழை அடுக்கு உள்ளதைவிட மெல்லியதாக அளவாகிவிடும். கண் நீரழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமாவோ உண்மையிலேயே அந்த அடுக்கை மெலியச் செய்யும் நோய். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் மாவட்டக் கிராமங்களில் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 40 வயதைக் கடந்தோரில் 2.6 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. முதுமையில் சாதாரணமாகவே பத்தாண்டுக்கு 2 மைக்ரான் அளவு நரம்பிழை அடுக்கு குறைகிறது. ஆக, மெலிந்த அடுக்கு ஒன்றைக் கண்டால் அதற்கு மூளை நோய்தான் காரணம் என்பதற்கு முன், கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக நிற்கின்றன.

மஞ்சள் கதை

நம்மவர்களை மிகவும் கவர்ந்த ஆராய்ச்சி ஒன்றைக் குறிப்பிடாமல் விட முடியாது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் படிகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் இப்படிவுகளில் ஒட்டிக்கொண்டு ஒளிரும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் செடார்ஸ்-சைனாய் மருத்துவ மையத்தினர், குர்குமினை உட்கொள்ளச் செய்து விழித்திரையைப் படம் எடுத்து, நோயாளிகளிடம் ஒளிரும் புள்ளிகள் நலமானவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு இருந்ததாக 2017-ல் அறிவித்தனர். ஆய்வில் பங்கு பெற்றவர்கள் 16 பேர். அவர்களில் 10 பேர் நோயாளிகள்.

பதினாறு பேர்! ஒரு செய்முறை வகுப்பில் இதைவிட அதிக மாணவர்கள் இருப்பார்கள். முன்னோடி ஆய்வுக்கு இது போதும். முடிவு கட்டப் போதாது. மேலும், இறந்த நோயாளிகளின் கண்களை ஆராய்ந்த வேறு குழுவினர் 2014-ல், மூளையில் உள்ளவை போன்ற படிவுகள் விழித்திரையில் காணப்படவில்லை என்று எழுதினர். இரு தரப்பாரும் திசுவைப் பதப்படுத்திச் சாயமேற்றும் முறையில் வேறுபடுகின்றனர். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் இச்செய்தி நம் பக்கம் வந்து சேர்ந்தபோது, மஞ்சள் சாப்பிட்டால் மறதி நோய் வராது என்று உருமாறியிருந்தது. அந்த ஆய்வில் குர்குமின் மருந்து அன்று, சாயம். குழம்பில் போடும் மஞ்சளிலிருந்து உடல் உறிஞ்சிக்கொள்ளும் குர்குமினும் மிகக் குறைவு.

இரண்டு ஊர்களின் கணக்கு

சோதனை இன்னும் முன்னேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நோயுள்ள நூறு பேரில் 80 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. நோயற்ற நூறு பேரில் 80 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. மேலே கண்ட நிலையோடு ஒப்பிட இது தாராளமான கொடை. இச்சோதனையை இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முகாம் போட்டு நடத்தினால் என்ன ஆகும்?

2011 கணக்கெடுப்பில் இவ்விரு நகராட்சிகளிலும் சேர்த்து இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் இருந்தனர். பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர் எனக் கொண்டால், முதியோர் 20,000 பேர். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதி நோய்கள் இருப்பதாக 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. அந்த விகிதத்தில் நம் இரு ஊர்களில் 1,480 பேர். சோதனை அவர்களில் 1,184 பேரைக் காட்டும். 296 பேரைத் தவறவிட்டு, உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பும். மீதியுள்ள 18,520 நலமானவர்களில் 3,704 பேரை நோயாளி என்று சொல்லும். ஆக எச்சரிக்கை பெற்ற 4,888 பேரில் உண்மையில் நோயுள்ளவர் நான்கில் ஒருவருக்கும் குறைவு. பார்க்கின்சன் நோய்க்கு நூற்றில் ஒருவர் என்று கொண்டால் நிலை இன்னும் மோசம். உண்மையான ஒவ்வொரு நோயாளிக்கும் ஏறக்குறைய 25 பேர் வீணாக அஞ்ச வேண்டியிருக்கும்.

இந்த 3,704 பேரை வெறும் எண்ணாகப் பார்க்கக் கூடாது. தாத்தாவுக்கு மூளை நோய் என்று ஒரு காகிதம் வீட்டுக்கு வந்துவிட்டால், அவர் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவதும் பேரன் பெயரை மாற்றிக் கூப்பிடுவதும் அன்று முதல் நோயாகிவிடும். கடைக் கணக்கை அவரிடமிருந்து வாங்கிவிடுவார்கள். பத்திரத்தில் அவர் கையெழுத்துச் செல்லுமா என்று உறவினர்கள் கேட்பார்கள். அதை மறுத்துரைக்க மேற்கொண்டு செய்யும் ஸ்கேன்களுக்கு மதுரைக்குப் போக வேண்டும். கூட ஒருவர் ஆலையில் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்.

இது கற்பனை அச்சம் அன்று. என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவர் இத்தகைய செய்தியை வெட்டி எடுத்து வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தம் தாயாரை ஓ.சி.டி. எடுக்கக் கூட்டிச் செல்லலாமா என்று கேட்டார். அம்மா ரத வீதியிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் ஒரு முறை நின்றுவிட்டாராம். கண் படம் வேண்டாம், முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள் என்றேன். தைராய்டு குறைவு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவற்றாலும் மறதி வரும். இவை சரிசெய்யக் கூடியவை. சாதாரண இரத்தச் சோதனையிலும் பேசிப் பார்ப்பதிலும் தெரிந்துவிடும். ‘கண் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டேன். இரண்டு கண்ணிலும் புரை, இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டு வருகிறோம் என்றார்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். நினைவாற்றலைச் சோதிக்கும் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் படித்தவர்களுக்காக ஆக்கப்பட்டவை. பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டியிடம் கடிகாரம் வரையச் சொல்வதும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதும் நியாயமாகாது. விழித்திரை எழுத்தறிவைக் கேட்பதில்லை. வலியில்லை, ஊசியில்லை, சில நிமிட வேலை. இந்தக் காரணத்தால்தான் இவ்வாராய்ச்சி நம் நாட்டில் தொடர வேண்டும் என்கிறேன். நம் மக்களின் நலமான கண்களில் ஒவ்வொரு வயதிலும் அடுக்குகளின் அளவு என்ன என்ற அட்டவணையும், ஒரே ஆளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து அவருடைய பழைய படத்தோடு புதியதை ஒப்பிடும் முறையும் வேண்டும். ஒருவரின் சரிவை அவரோடே ஒப்பிட்டால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு ஒழிந்துவிடும். ஆராய்ச்சிக்கூடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. முகாமில் அன்று.

எந்தச் சோதனையை மக்கள் கூட்டத்தில் நடத்தலாம் என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்னும் இருவர் 1968-லேயே விதிகள் வகுத்துக் கொடுத்தனர். கண்டுபிடித்தால் ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், உறுதிசெய்யும் வசதி இருக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பு இவ்விதிகளுக்குப் பொருந்துகிறது. நோய் கண்ணிலேயே இருக்கிறது. இரத்தக் கசிவு படத்தில் தெரிகிறது. லேசர் சிகிச்சை இருக்கிறது. அரவிந்த், சங்கர நேத்ராலயா ஆகிய இரு மருத்துவமனைகளில் 3,049 நீரிழிவு நோயாளிகளிடம் கணினியைக் கொண்டு படங்களைச் சோதித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், கவனிக்க வேண்டிய பாதிப்பை அது பத்தில் ஏறக்குறைய ஒன்பது முறை சரியாகப் பிடித்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் மதிப்பிட்ட நிலையில், விழித்திரைக் கேமரா ஒன்று நம் ஊருக்கு வந்தால் அது செய்ய வேண்டிய முதல் வேலை எது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மறதி நோயைப் பொறுத்தும் கண் மருத்துவம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் கண்புரை இருந்த 3,038 முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்ததாக 2022-ல் அச்சான கட்டுரை கூறுகிறது. ‘லான்செட்’ ஆய்விதழின் குழு 2024-ல், தவிர்க்கக்கூடிய காரணிகளின் பட்டியலில் சரிசெய்யப்படாத பார்வைக் குறையைப் புதிதாகச் சேர்த்தது. இதுவும் கூட்டத்தின் சராசரியே. அறுவை செய்துகொள்ள வந்தவர்கள் முன்பே சற்று நலமானவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் இதிலும் உண்டு. ஆனால் இங்கே கணக்குத் தவறிப்போனாலும் பாட்டிக்கு நட்டமில்லை. பேரனின் முகமும் பேருந்தின் எண்ணும் அவருக்குத் தெரியும்.